எல்லை தாண்டினால் மறுபடியும் ஒரு குழாய் இரத்தம்

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரள அரசே அதை லாரிகளில் திரும்ப அள்ளிச் சென்றதும் நினைவிருக்கும். கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களான எங்களிடம் அப்போது இரு மாநிலத்து உறவினர்களும் நியாயம் கேட்டார்கள். யார் கொட்டினார்கள் என்று பேசிய அளவுக்கு, அந்தக் கழிவு ஏன் அவ்வளவு உண்டாகிறது என்று எவரும் பேசவில்லை.

எங்களுக்குக் காய்ச்சல் என்றால் சித்தூர் அல்லது பாலக்காடு. நோய் சற்றுப் பெரிதென்றால் கோயம்புத்தூர். சித்தூரில் எடுத்த எச்பிஏ1சி அறிக்கையுடன் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு கோவையில் ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "நம்ம லேப்லயே எடுத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அந்தச் சோதனை ஒரே வாரத்தில் என்ன மாறிவிடும்?

அங்கே செலவானவை ஓர் ஊசி, ஊதா மூடியிட்ட ஒரு குழாய், ஒரு சோடிக் கையுறை, கொஞ்சம் பஞ்சு. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி குழாயும் கையுறையும் சிவப்புப் பைக்கும், ஊசி வெள்ளைப் பெட்டிக்கும், இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கும் போக வேண்டும்; அந்தப் பஞ்சு போன்ற கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மஞ்சள் பை எரியுலைக்குப் போகிறது. பிரிக்கும்போது கவனம் தவறிக் குளோரின் கலந்த பிளாஸ்டிக்கும் அதில் சேர்ந்துவிட்டால், எரியும்போது டையாக்சின் என்னும் நச்சு உண்டாகும். எங்கள் மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில்தான் இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை நடத்தும் 'இமேஜ்' சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பதால், இது எங்களுக்குத் தூரத்துச் செய்தி அன்று.

ஆஸ்திரேலியாவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, முழு இரத்த எண்ணிக்கைச் சோதனை ஒன்றுக்கு 116 கிராம் கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு என்று கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு சோதனைக் கருவியால் வருவதில்லை, இரத்தம் எடுக்கும் பொருள்களால் வருகிறது. ஏற்கெனவே எடுத்த இரத்தத்திலேயே பெரும்பாலும் செய்யப்படும், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி சோதனைக்கு வெறும் அரை கிராம்தான் ஆகிறது. ஸ்கேன் கணக்கு வேறு: 2022இல் வந்த ஆய்வில் ஓர் எம்ஆர்ஐ 17.5 கிலோ, ஒரு சிடி 9.2 கிலோ; இயந்திரம் சும்மா நிற்கும்போது இழுக்கும் மின்சாரமே அதில் கணிசம்.

ஆகவே, மக்கும் பையும் கூரைமேல் சூரியத் தகடும் வரட்டும், நல்லதுதான். ஆனால் எடுக்கத் தேவையில்லாத குழாயை எடுக்காமல் விடுவதே முதல் வேலை என்பது என் கருத்து. இரத்தத்தில் பொட்டாசியம் அளவு ஒரே நாளில் மாறக்கூடியது, படம் தெளிவாகத் தெரியச் சாயம் செலுத்தும் சிடிக்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் புதிதாகப் பார்ப்பதிலும் நியாயம் உண்டு. அவற்றை மருத்துவர் மறுபடி கேட்டால் மறுபேச்சு கூடாது. எச்பிஏ1சி, தைராய்டு போன்றவற்றுக்கு அப்படி அவசரம் அபூர்வம். ஆய்வகங்களின் தரத்துக்குத் தரப்படும் என்ஏபிஎல் அங்கீகாரம், மாநில எல்லையான வாளையாற்றுச் சோதனைச்சாவடியோடு முடிந்துவிடுவதில்லை, அது நாடு முழுவதற்குமானது. அந்த முத்திரையும், சோதனை முறையும், இயல்பு அளவும், இரத்தம் எடுத்த நேரமும் அச்சான அறிக்கையைக் கோவை மருத்துவர் முன் வைத்து, "இதையே பார்க்க முடியாதாங்க?" என்று நாம் ஒரு முறை கேட்கலாம். சித்தப்பாவுக்கு அடுத்த சோதனை வரும்போது நான் கேட்கத்தான் போகிறேன்.