பேடு மாற்றப் பழகும் நாட்கள்

ஜூன் 18, 2024

எங்கள் சிறப்புப் பள்ளி மாணவி ஒருத்தி கோடை விடுமுறையில் வயதுக்கு வந்திருக்கிறாள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை. இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுவாள். இன்று அவள் அம்மா தனியாக வந்தார். "டீச்சர், கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. எனக்கப்புறம் இவளை யாரு பார்ப்பா?"

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு ஆபரேஷன் தீர்வே இல்லை. 1994இல் மகாராஷ்டிராவின் ஷிரூர் அரசு விடுதிப் பெண்களுக்கு, சுத்தமாக இருக்கத் தெரியவில்லை என்று சொல்லித்தான் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும்தான் நிறுத்தினார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 10ஆவது பிரிவில், கருத்தரிக்கும் திறனைப் போக்கும் எந்தச் சிகிச்சையையும் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. இன்னொன்று, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அவளிடம் யாரும் தப்பாக நடக்க மாட்டார்களா?

"கொஞ்ச நாள் கொடுங்கம்மா, பழக்கிப் பார்ப்போம்" என்றேன்.

ஜூன் 21

ரத்தப்போக்கு இல்லாத நாளில்தான் பழக்க வேண்டும். நேபாளத்தில் காவ்ரே பகுதியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே 'பிஷேஸ்தா' என்று ஒரு பொம்மை செய்தார்கள். அதற்குக் குட்டி பேடும் உண்டு. அதைப் பார்த்து நாங்களும் ஒரு துணிப்பொம்மைக்கு ஜட்டி தைத்தோம். பிள்ளையின் ஜட்டியில் பேடின் வடிவத்தை மார்க்கரால் வரைந்தேன். கோட்டுக்குள் ஒட்டினால் போதும்.

பேடின் பின்பக்கத் தாளை உரிப்பதுதான் பெரும்பாடு. விரல்நுனிக்கு ஓரம் அகப்படவே இல்லை. நான் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டேன், மீதியை அவளே சர்ரென்று இழுத்தாள். அப்புறம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஜூலை 4

வந்துவிட்டது. காலையிலிருந்து சுவரில் தலையை முட்டிக்கொள்கிறாள், ஒரே அடம் என்று அம்மா போன் செய்தார். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிக் காட்டும்? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், மாத்திரைக்கு டாக்டரைக் கேட்கவும் சொன்னேன். சாயங்காலம் தூங்கிவிட்டாளாம்.

தேதியைக் காலண்டரில் சிவப்பில் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். வலிப்பு உள்ள பிள்ளைகளின் வீட்டிலும் இது அவசியம். சிலருக்கு மாதவிடாயை ஒட்டி வலிப்பு கூடும். குறித்து வைத்தால்தான் டாக்டருக்குப் பிடிபடும்.

ஜூலை 9

வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாவாடையைத் தூக்கி "பேடு" என்றாள். யாரும் அதட்டவில்லை. கதவு மூடிய பாத்ரூம் படத்தைக் காட்டி, கையைப் பிடித்து அங்கேயே கூட்டிப்போனேன். அம்மா, டீச்சர், ஆயாம்மா மூவரின் படங்களை ஓர் அட்டையில் ஒட்டியிருக்கிறோம்: இவர்கள் மட்டும் உதவலாம். வேறு யாராவது தொட வந்தால் "வேண்டாம்" என்று கத்த வேண்டும். பேடு மாற்றுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

பழைய பேடைத் தாளில் சுற்றித் தொட்டியில் போட்டு, கையும் கழுவினாள். கதவைச் சாத்தியவள் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினாள். அது இறுகிக் கிடக்கிறது. தச்சரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.