நிரப்பாமல் விட்ட கட்டம்

இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில் நான் அதிகம் செய்த வேலை படிவம் நிரப்புவதுதான். வீட்டுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ஒரு கட்டம் தவறாமல் வரும்: அவசரத்துக்கு அழைக்க வேண்டிய நபர், அவர் உங்களுக்கு என்ன உறவு? இங்கே எனக்கு யாரும் இல்லை, அதனால் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

ஊரில் அண்ணன் இருக்கிறார். படித்த படிப்புக்கே வேலை கிடைத்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தேன், ஆனால் நான் இரவெல்லாம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பொய் சொல்லிவிட்டால் அப்புறம் போனை எடுக்கவே கை வராது. மாதக்கணக்கில் பேசவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அறையில் தனியாக இருக்க முடியாமல் ஆராதனைக்குப் போனேன். பாட்டில் பாதி புரியவில்லை. குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மேய்ப்பர்களும் சாஸ்திரிகளும் கதையில் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தால் போதகர் எடுத்தது பழைய ஏற்பாட்டில் வரும் ரூத்தின் கதை! கிறிஸ்துமஸுக்கு ரூத்தா?

ரூத் மோவாப் தேசத்துப் பெண். கணவனை இழந்தபின் மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, அறுப்பு நடந்த வயல்களில் சிந்திய கதிரைப் பொறுக்கிப் பிழைத்தவள், அதாவது என்னைப் போல வந்தேறி. பைபிளின் சட்டப் புத்தகமான லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது: வறுமையில் நிலத்தை விற்றவனுக்காக, ஏன், தன்னையே விற்றுக்கொண்டவனுக்காகவும் நெருங்கிய உறவினன் விலை கொடுத்து மீட்கலாம். அப்படி மீட்பவனுக்கு எபிரேயத்தில் கோயேல் என்று பெயர். போவாஸ் அந்த உரிமையில்தான் நகோமியின் குடும்ப நிலத்தை மீட்டு ரூத்தை மணந்தான். அவர்கள் மகன் ஓபேத், அவன் பேரன் தாவீது ராஜா. நற்செய்தி எழுதிய மத்தேயு, இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது ரூத்தின் பெயரை விடாமல் சேர்த்திருக்கிறார்.

மீட்பு என்றதும் நமக்கு அடகு நகைதான் ஞாபகம் வரும். நகை தன்னை மீட்டுக்கொள்ள ஒன்றும் செய்வதில்லை, அது நம்முடையது என்பதற்காகவே போய் மீட்கிறோம். இதுவரைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் மீட்கிறவன் உறவாக இருக்க வேண்டும் என்ற விஷயம் அன்றைக்குத்தான் உறைத்தது. இயேசு மரித்த சிலுவையில்தான் மீட்பு, அவர் பிறந்த தொழுவம் அதற்கு ஒரு முன்னுரை மாதிரி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நமக்கு உறவாக வேண்டுமென்றால் அவர் மனிதனாகப் பிறக்க வேண்டாமா? பிள்ளைகள் இரத்தமும் மாம்சமும் உடையவர்களாக இருப்பதால் அவரும் அப்படியே ஆனார் என்று புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் இதைத்தான் சொல்கிறது. (மீட்க அவர் கொடுத்த விலை, அதாவது அவர் உயிர், யாருக்குப் போனது என்று பெரிய விவாதமே உண்டு. சாத்தானுக்கு என்று ஆதித் திருச்சபையில் சிலர் சொன்னார்கள், 11ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் அதை ஏற்கவில்லை. அன்று இரவு எனக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.)

என்னைக் குத்தியது வேறு. நாம் திருந்தி வந்தபிறகு அல்ல, பாவிகளாக இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார் அப்போஸ்தலர் பவுல். நானோ நல்ல வேலை கிடைக்கட்டும், அப்புறம் அண்ணனிடம் பேசலாம், அதுவரை கடவுளிடமும் பேச என்ன இருக்கிறது என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். நேசிக்கப்படுவதற்கு முதலில் தகுதிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று படிவங்களே என்னை நம்ப வைத்துவிட்டன போல.

அறைக்கு வந்ததும் போன் போட்டேன். கிடங்கு, பெட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும்டா. நீயே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார் அண்ணன்.

எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அண்ணி போனைப் பிடுங்கிவிட்டார்.