சேலத்தில் எங்கள் படம் திரையேறிய கதை

ஏற்காட்டில் நாங்கள் எடுத்த படம் ஒருவழியாகச் சேலத்தில் திரையேறிவிட்டது. தணிக்கையில் பெரிய தொல்லை இல்லை. யுஏ 13+ சான்றிதழ் கிடைத்தது. அந்தக் கட்டத்தைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கதாநாயகியின் பின்னால் ஒரு நாய் நடந்து போவதாகக் காட்சி இருந்தாலும், படப்பிடிப்புக்கு முன்பே விலங்கு நல வாரியத்தின் அனுமதியை வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்கியிருந்ததால் தப்பித்தோம்.

சிக்கல் திரையரங்கு தேடும்போதுதான் தொடங்கியது. எஸ்டேட் கணக்கரின் மகள் ஒருத்தி, கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, வீட்டிலும் ஊரிலும் எதிலும் ஒட்டாமல் திரிகிறாள். தந்தை இறந்த மறுநாள்கூட அழாமல் களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். பிறகு, யாரும் சொல்லாமலேயே, அவர் விட்டுப்போன கூலிப் பேரேட்டை எழுதத் தொடங்குகிறாள். இவ்வளவுதான் கதை. இதைக் கேட்ட மேலாளர் ஒருவர், "அப்பன் செத்தும் அழுவாத பொண்ண எங்க ஜனங்க எப்படிங்க பாப்பாங்க? கடைசியிலயாவது அழுவுதா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டார். மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த ஊர் இது. அதன் நுழைவு வளைவு இன்றும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. அந்த வழியாகவே திரும்பி வந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

கடைசியில் வேறொரு திரையரங்கு, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியை வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டது. களக் காட்சிகளில் நடித்த எஸ்டேட் பெண்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து முதல் பேருந்திலேயே வந்துவிட்டார்கள். படம் முந்தைய நாளே சர்வரில் ஏற்றப்பட்டிருந்தது. ஆனால் ஆபரேட்டர் பொத்தானை அழுத்தியபோது, இந்தக் கருவிக்கான கேடிஎம் இல்லை என்று திரையில் வந்தது. கேடிஎம் என்பது பூட்டிய டிஜிட்டல் படத்தைத் திறக்கும் சாவிக் கோப்பு. திரையரங்கு தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்த கருவி வரிசை எண்ணுக்குத்தான் சென்னை ஆய்வகம் கேடிஎம் உருவாக்கியிருந்தது. அந்த எண்ணோ, முன்பே பழுதாகிக் கழற்றப்பட்ட மீடியா பிளாக்கினுடையது, அதாவது படத்தின் பூட்டைத் திறந்து புரொஜெக்டருக்குத் தரும் கருவியினுடையது. கேடிஎம் குறிப்பிட்ட ஒரு மீடியா பிளாக்குக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே செல்லுபடியாகும். ஞாயிறு என்பதால் ஆய்வகத்தில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. வந்தவர்களுக்கு டிபன் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

வாடகையைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். நான் அந்த லெட்டர்ஹெட்டை மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்ற பிறகுதான், அடுத்த வாரக் காட்சிக்கு அதையே வரவு வைப்பதாகச் சம்மதித்தார்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், நான் எழுதி வாங்கினேன்.

அடுத்த வாரம் படம் ஓடியது. காட்சி முடிந்ததும், அந்த மேலாளர் கேட்டதை எங்களுடன் நடித்த ஓர் அம்மாவிடம் சொன்னேன். "அழுதுட்டு உக்காந்தா கொட்டை பூசணம் புடிச்சிரும் தம்பி, அப்புறம் யாரு கிளறுறது?" என்றார். அவள் ஏன் அழவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் நீட்டி முழக்கிச் சொன்ன விளக்கங்களில் ஒன்றுகூட இதற்கு ஈடாகாது.

சொந்தமாகத் திரையிடப் போகிறவர்கள் வரிசை எண்ணைக் காகிதத்தில் வாங்காமல், புரொஜெக்டர் அறைக்கே போய், மீடியா பிளாக்கில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து, கருவியை அடையாளம் காட்டும் சர்வரின் டிஜிட்டல் சான்றிதழ்க் கோப்போடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கேடிஎம் நேரம் இந்திய நேரத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். பூட்டைத் திறந்து ஒரு நிமிடமாவது ஓட்டிப் பார்க்காமல் யாரையும் அழைக்காதீர்கள். ஒரே ஒரு காட்சிதான், படம் இருக்கும் வட்டும் உங்கள் கையை விட்டுப் போகாது என்றால், பூட்டு இல்லாத டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் படக் கோப்புகள்) ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கேடிஎம் தேவையே இல்லை. எங்கள் அடுத்த காட்சி ஏற்காட்டிலேயே. அதற்கு அப்படித்தான் வாங்கியிருக்கிறோம்.