மாமா தொடாத பித்தளை: ஒரு கராஜ் நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2024, சனி

டெக்சாஸில் மான் வேட்டைப் பருவம் திறக்க இன்னும் நான்கு வாரம். காலையில் கராஜில் உட்கார்ந்து, சுட்டு முடித்த .308 வின்செஸ்டர் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை மறுநிரப்பத் தொடங்கினேன். பதினேழாவது கூடு டை என்னும் அச்சுக்குள் ஏறியது; இறங்கவில்லை. கைப்பிடியை அழுத்தித் தூக்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம். கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு பிடிப்பான் மட்டும் கீழே வந்தது. சுடும்போது அகன்றுபோன பித்தளையைப் பழைய அளவுக்கு நெருக்குவதுதான் அந்த டையின் வேலை. நெருக்கிய டை கூட்டை விடவில்லை.

மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் அப்பா, கோவையில் பம்ப்செட் பட்டறையில் 34 ஆண்டுகள் லேத் ஓட்டியவர். "எண்ணெய் விட்டீர்களா மாப்பிள்ளை?"

விட்டேன். ஆல்கஹாலில் கரைத்த லானோலினைத் தெளித்து, ஈரம் காயுமுன்பே டைக்குள் தள்ளிவிட்டேன். ஆல்கஹால் பறந்துபோன பிறகுதான் லானோலின் வேலை செய்யும். சில நிமிடம் பொறுக்க வேண்டும். "அப்படியானால் ஸ்பிரிட்டைத்தான் தடவியிருக்கிறீர்கள்" என்று கையை நீட்டினார். தடுத்துவிட்டேன். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே கூட்டரசுச் சட்டம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, மாமாவிடம் அவை இல்லை. அந்தச் சட்டத்தின் கணக்கில் வெற்றுக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் சிறு மூடியான பிரைமர், குண்டு, வெடிமருந்து எல்லாமே தோட்டாதான். ஒரு விரல் பட்டால் குற்றமாகிவிடாது என்று வக்கீல் வாதாடலாம். எனக்கு அந்த வக்கீல் வேண்டாம்.

"சரி, கையைக் கட்டிக்கொள்கிறேன். வாயைக் கட்டச் சொல்லவில்லையே?"

அக்டோபர் 6, ஞாயிறு

டையைக் கழற்றி வைஸில் பிடித்தேன். உள்ளே இருக்கும் ஊசித் தண்டை முடிந்த மட்டும் மேலே திருகிவிட்டு, பிரைமர் குழியின் நடுவே துளைபோட்டு, கால் அங்குல மரை வெட்ட வேண்டும். பிறகு ஒரு குழாய்த் துண்டை அண்டக்கொடுத்து போல்ட்டை முடுக்கினால் கூடு தானாக வெளியே வரும். "அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பித்தளைத் தூளை வெளியே விடுங்கள், மரை வெட்டும் டேப் உடைந்தால் டையும் போய்விடும்" என்று நாற்காலியிலிருந்தே ஓட்டினார் மாமா. குழாய்த் துண்டை மட்டும் அவரே அறுத்து, அரம் போட்டுக் கொடுத்தார். அதைத் தொடச் சட்டத்தில் தடை இல்லை.

பதினைந்து நிமிடத்தில் கூடு வந்துவிட்டது. டையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

"தாராளமாக எண்ணெய் போடுங்கள்" என்ற மாமாவின் யோசனையைக் கேட்டதில் ஒன்பது கூடுகளின் தோள்பட்டையில், அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் இடத்தில், பள்ளம். எண்ணெய்க்கு ஒதுங்க இடமில்லை, பித்தளையை உள்ளே அமுக்கிவிட்டது. லேத்தில் எண்ணெய் வழிந்தோடும், டைக்குள் ஓட வழியில்லை. மாமா ஒப்புக்கொண்டார், முகம் கொஞ்சம் சுண்டியது.

அக்டோபர் 12, சனி

பிரைமரைத் தள்ளும் ஊசி முறிந்தது. சுடுதளத்தில் பொறுக்கிய கூடுகளில் ஒன்று பெர்டன் வகை. பாக்ஸர் வகைக் கூட்டில் நடுவே ஒரே துளை. ஊசி அதில் இறங்கும். பெர்டனில் ஓரமாக இரண்டு சிறு துளைகள், நடுவில் கெட்டிப் பித்தளை. ஊசி அதில் முட்டி முறிந்தது. பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கக் கூடுகளில் இருப்பது பாக்ஸரின் முறை, பெர்டனுடையது ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இதைச் சொன்னதும் மாமா, "நம்மைப் போலத்தான்" என்றார்.

இனி ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே டை.

அக்டோபர் 19, சனி

மின்னணுத் தராசு பொய் சொல்கிறது. ஒரே மருந்தை மூன்று முறை வைத்தால் மூன்று எடை. கணக்கு கிரெயினில், ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், 7000 சேர்ந்தால் ஒரு பவுண்டு. கால் கிரெயின் பிசகைக்கூட நான் விடமாட்டேன். சோதனை எடைக்கல்லை வைத்தேன், அதுவும் ஆடியது. பேட்டரியை மாற்றினேன், தொலைபேசியை அப்பால் வைத்தேன். பயனில்லை.

மாமா மேலே பார்த்தார். ஏசியின் காற்று நேராகத் தராசுத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. "ஆசாரி பொன் நிறுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்" என்றார். ஏசியை அணைத்தேன், எண் நின்றது. குன்றிமணி எத்தனை கிரெயின் என்று கேட்டார். ஏறத்தாழ இரண்டு. அதன் பிறகு இரவு முழுவதும் நான் சொன்ன எடைகளையெல்லாம் குன்றிமணியாக மாற்றிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

நீளக் குச்சி மருந்து, அளப்பானின் குழாயில் குறுக்கே படுத்துக்கொண்டது. ஒரு கூட்டில் பாதி விழுந்தது, அடுத்ததில் வழிந்தது. எது எது என்று ஊகிக்கப் போகவில்லை. தட்டிலிருந்த அத்தனையையும் கொட்டிவிட்டு, ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து நிரப்பினேன். 40 தோட்டாக்களுக்கு மூன்று மணி நேரம்.

அக்டோபர் 26, சனி

சுடுதளம். முதல் ஐந்தில் மூன்றுக்கு, தோட்டா அறையை அடைக்கும் துப்பாக்கியின் போல்ட் மூட மறுத்தது. சுடாமல் அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியிலேயே புரிந்தது. 6ஆம் தேதி டையைத் திரும்ப மாட்டியபோது கண்மதிப்பில் நிறுத்திவிட்டேன். கூட்டின் தோள்பட்டை போதுமான அளவு பின்னால் தள்ளப்படவில்லை. மாமாவிடம் மரைக் கணக்கைச் சொன்னேன்: அங்குலத்துக்கு 14 மரை. அவருக்குத் தாள்கூட வேண்டியிருக்கவில்லை. "சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர். உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?" 0.06 என்றேன். "முப்பதில் ஒரு பங்கு. 12 பாகை. கடிகாரத்தில் இரண்டு நிமிடம்." டையின் வளையத்தில் மார்க்கரால் கோடு போட்டு, இரண்டு நிமிடம் திருகினேன். சோதனைக் கூடு அளவுமானிக்குள் சொல்லிவைத்தாற்போல் இறங்கியது.

40 தோட்டாக்களையும் உடைத்துக் குண்டையும் மருந்தையும் பிரிக்க வேண்டும். தீபாவளி வேலையை யார் பார்ப்பது என்று மனைவி கேட்கிறாள். நியாயம்தான்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. இன்று மாலை மாமாவுக்கு விமானம். துளைபோட்ட அந்தக் கூட்டை நினைவுக்குக் கேட்டார்; பட்டறை நண்பர்களிடம் காட்டவாம். கொடுக்க மறுத்தேன். இங்கேயே தொடவிடாத பொருளைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே விமான நிலையத்தில் யார் பதில் சொல்வது? ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

இரவு திரும்பி வந்து கருவிப் பெட்டியைத் திறந்தால், அவர் அறுத்த குழாய்த் துண்டு துணியில் சுற்றி இருந்தது. மேலே காகிதத்தில் பென்சில் எழுத்து: 'மாட்டினால் எடுக்கவும். முதலில் ஸ்பிரிட் காயட்டும்.'

நாளை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். 22 தோட்டாக்கள் தயார்.