கார்பன் ஃபிரேம் நம்ம பாதைக்குத் தாங்குமா?

மூணாறில் சைக்கிள் பட்டறையில் வேலை பார்க்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்: "அண்ணே, கார்பன் ஹார்ட்டெயில் நம்ம பாதைக்குத் தாங்குமா?" பாதை என்று அவர்கள் சொல்வது சூரியநெல்லிப் பக்கம் தேயிலைக்காட்டுக்குள் ஏறும் கல் ரோட்டை. தாங்கும் என்றுதான் சொல்கிறேன்.

ஹார்ட்டெயிலில் பின்பக்கம் சஸ்பென்ஷன் கிடையாது. பின்சக்கரம் வாங்கும் அடியெல்லாம் நேராக ஃபிரேமுக்குத்தான் போகும். அப்படியும், வெறுமனே குலுங்கிக் குலுங்கி உடைந்த கார்பன் ஃபிரேம் என் கைக்கு வந்ததில்லை. அலுமினியம் அப்படியில்லை. சின்னச் சுமையே லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப விழுந்தால் வெல்டிங் ஓரத்தில் மெல்ல விரிசல் விடும். இந்த வகைச் சோர்வைக் கார்பன் நார் நன்றாகவே தாங்குகிறது.

அதைக் கெடுப்பது குத்து. நார் ஓடும் திசையில் எவ்வளவு இழுத்தாலும் நிற்கும் டியூப், குறுக்கே ஒரு கூர்மையான கல் பட்டால் திணறும். அலுமினியம் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பனில் வெளியே பெயின்ட் கீறல் மட்டும் தெரியும், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய நார்ப் படலங்கள் பிரிந்து கிடக்கும். எனக்குப் பயம் இதில்தான்.

அதனால் சர்வீசுக்கு வந்த சைக்கிளைக் கழுவியதும் முதலில் டவுன்டியூபின் (ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். முன்சக்கரம் தெறிக்கவிடும் கல் அங்கேதான் படும். அப்புறம் செயின்ஸ்டே, அதாவது பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய். நழுவிய செயின் அதற்கும் கிராங்குக்கும் நடுவே மாட்டினால் அரம் போட்டது போல ராவிவிடும். சந்தேகமான இடத்தை நாணயத்தால் தட்டிப் பார்ப்பேன். படலம் பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாகும். டியூபின் கனம் மாறும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால் இடது வலது இரண்டையும் ஒப்பிட வேண்டும். உள்ளே பார்க்க அல்ட்ராசவுண்டு இருக்கிறது, ஆனால் எங்கள் பட்டறையில் இல்லை. தெளிவாகாவிட்டால் ஓட்ட வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன்.

பாதையைவிட, சைக்கிளை ஏற்றிக் கட்டும் ஜீப் கேரியர்தான் அதிகம் கெடுக்கிறது என்பது என் எண்ணம். டாப்டியூபின் (சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடும் மேல் குழாய்) சுவர் மெல்லியது. அதன்மேல் கயிற்றை இறுக்கிப் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? சக்கரத்தையும் சீட்போஸ்டையும் (சீட்டைத் தாங்கும் கம்பி) கட்டுங்கள் என்று ஜீப்காரர்களிடம் கெஞ்சாத குறைதான். சீட்போஸ்டை இறுக்கிப் பிடிக்கும் சீட் கிளாம்புக்கு முறுக்கும் அளவு பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் குறித்திருக்கும். கைக்கணக்கில் முறுக்கினால் அங்கேயே விரிசல் தொடங்கும். மழைக்காலத்தில் அலுமினிய சீட்போஸ்ட் கார்பனுக்குள் அரித்து ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றுகிறேன் என்று சுத்தியலால் தட்டி உடைத்த ஃபிரேம்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஜூனுக்கு முன்னால் வந்தால் போஸ்டைக் கழற்றித் துடைத்து, கார்பன் பேஸ்ட் (வழுக்காமல் பிடிக்க உதவும் பசை) தடவி மாட்டித் தருவேன்.

குதிக்கிற பையன்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். கிராஸ்கன்ட்ரி ஹார்ட்டெயில் பெரும்பாலும், சைக்கிளை எந்தப் பாதையில் ஓட்டலாம் என்று வகைப்படுத்தும் ஏஎஸ்டிஎம் தரத்தில் 3ஆம் வகை. கரடுமுரடான பாதைக்குச் சரி, ஆனால் குதிக்கும் உயரம் 61 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் தடுப்புச்சுவர்கள் பல அதைவிட உயரம்.

அடிபட்ட செயின்ஸ்டேயை, விஷயம் தெரிந்தவர் கையில் கொடுத்தால், கெட்ட பகுதியைச் சீவி எடுத்துப் புதுப் படலம் ஒட்டித் திரும்ப ஓட்டலாம். ஹேண்டில்பாருக்கும் ஃபோர்க் ஸ்டீரருக்கும் (ஃபோர்க்கை ஹேண்டிலோடு இணைக்கும் குழாய்) அந்தப் பேச்சே வேண்டாம். அவற்றில் விரிசல் கண்டால் அறுத்துப் போட்டுவிட்டுப் புதுசுதான் மாட்டச் சொல்வேன், விலையைக் கேட்டு எவ்வளவு வாதாடினாலும்.