எந்தத் தண்ணியைக் குடிக்கிற?

“மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் இரத்தம் எடுத்துப் பார்ப்போம் அண்ணன்” என்று எங்கள் சிறுநீரக நோய் ஆய்வில் இருக்கிற நெல் விவசாயி ஒருவரிடம் நான் சொன்னதில் பிழை இல்லை. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்றுகிற கழிவு. ஒரேயொரு தரம் பார்த்த அதன் அளவை வைத்து எவருக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல முடியாது. குறைபாடு மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும், வரையறையே அதுதான். போதாததற்கு அவரிடம் இரத்தம் எடுத்தது சிறுபோக அறுவடை நேரம், கச்சான் காற்று அடிக்கிற காலம். விடிந்ததிலிருந்து வட்டையில், அதாவது வயல்வெளியில், நின்ற மனிதருக்கு உடம்பில் நீர் வற்றியிருந்தாலே அந்த அளவு கொஞ்சம் ஏறித்தான் காட்டும்.

இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். முடிவுத் தாளை நாலாக மடித்துச் சாரத்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்: “சரி டொக்டர், மூணு மாசம். அதுவரைக்கும் எந்தத் தண்ணியக் குடிக்கிற?”

“கிணத்துத் தண்ணி கூடாதெண்டு சொல்ல எங்களிட்ட ஆதாரம் இல்ல அண்ணன். ஆய்வு முடியட்டும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவு திறந்து நின்ற எங்கள் வானைப் பார்த்தார். பின் இருக்கையில் டவுனில் வாங்கிய போத்தல் தண்ணீர், பெட்டியோடு இருந்தது.

“நீங்க எந்தத் தண்ணி புள்ள குடிக்கிற?”

பயணம் என்றபடியால் போத்தல் தண்ணீர் என்று ஏதோ சொன்னேன். பொய்யில்லை. வெளிக்களத்துக்குப் போகிற எல்லாரும் கொண்டுபோவதுதான். ஆனால் அவருக்கு வேண்டிய பதில் அந்தப் பெட்டியிலிருந்து கிடைத்துவிட்டது. நான் சொன்னது எதுவும் அதற்குப் பிறகு கணக்கில் இல்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கிணற்றுத் தண்ணீர் பற்றிய இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர் இல்லை. 1990களில் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடம் கண்ட நோய், சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாதவர்களின் கிட்னியைப் பழுதாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிய வரைக்கும் அதன் பெயர் அடிபடுகிறது. காட்மியம், ஆர்செனிக், புளோரைட், கடினநீர், களைநாசினி, வெயில் என்று சந்தேகப் பட்டியல் நீண்டதே தவிர இதுதான் காரணம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒன்று இன்னும் இல்லை. 2014இல் வந்த ஒரு கட்டுரை கிளைபோசேட் என்ற களைநாசினியைக் கைகாட்டியது. அதில் இருந்தது ஒரு கருதுகோள். 2015இல் நாடு முழுக்கக் கிளைபோசேட் தடை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள்.

எங்கள் ஆண்டறிக்கையில் ‘ஆய்வின் தாக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பும்போதெல்லாம் அந்தத் தடைதான் நினைவுக்கு வரும். நிரூபிக்கப்படாத கருதுகோளுக்குக் கிடைத்த செல்வாக்கு, ஒழுங்காக எச்சரிக்கையோடு எழுதிய எத்தனை கட்டுரைகளுக்குக் கிடைத்தது? பொறாமை என்று நீங்கள் சொல்லலாம். கொஞ்சம் இருக்கிறதுதான்.

அதேநேரம், புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி 1950இல் ரிச்சர்ட் டோலுடன் சேர்ந்து எழுதிய பிரித்தானியப் புள்ளிவிவர அறிஞர் பிராட்போர்ட் ஹில், 1965இல் லண்டனில் ஆற்றிய உரையில் சொன்ன விசயமும் உறுத்துகிறது. விஞ்ஞானத்தில் எல்லா வேலையும் அரைகுறைதான், அதற்காகக் கையில் இருக்கிற அறிவை ஒதுக்கவோ செய்யவேண்டியதைத் தள்ளிப்போடவோ நமக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். ஹில்லுக்குச் சொல்லலாம். சிகரெட்டுக்கு எதிரான சாட்சி அவ்வளவு பலமானது. என்னிடம் இருந்தது ஆறு சந்தேக நபர்கள். அந்த முற்றத்தில் நின்று எவரைப் பிடித்துக் கொடுப்பது?

மூன்று மாதம் கழித்து, மாரி தொடங்கியபின் போனோம். அளவு இறங்கியிருந்தது. என் எச்சரிக்கை சரியென்று ஆகிவிட்டது. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. அன்றைக்கே கேன் தண்ணீருக்கு மாறிவிட்டாராம். “அதான் டொக்டர் குறைஞ்ச.” பக்கத்து வளவு ஆட்களுக்கும் சொல்லியிருக்கிறார். குசினி வாசலில் மூன்று நீலக் கேன்கள்.

மனைவி ஒரு விசயம் சேர்த்துச் சொன்னார். கேன் தண்ணி காசுக்கு வாங்குகிறதென்று இவர் வட்டைக்கு ஒரேயொரு போத்தல்தான் கொண்டுபோகிறாராம். முந்தி வயல் வாடிக் கிணற்றில் அள்ளி அள்ளிக் குடிப்பவர். இப்போது அந்த ஒரு போத்தலை வைத்துப் பின்னேரம் வரை இழுக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களிடமும் இதுபோன்ற நோய் உண்டு. அங்கே வெயிலையும் நீர் வற்றலையும் முக்கிய சந்தேகமாக வைத்து, வேலையிடத்தில் தண்ணீர், நிழல், ஓய்வு என்று ஏற்பாடு செய்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால் ஊருக்குள் போய்ச் சேர்ந்த செய்தி, வயலில் குறைவாகத் தண்ணீர் குடிக்கிற செய்தி.

அன்றைக்கு அவருக்கு மட்டும் சொன்னேன்: எந்தத் தண்ணியெண்டாலும் பரவாயில்லை, வெயிலுக்க நிக்கேக்க நல்லாக் குடியுங்க. எந்தத் தண்ணியெண்டாலும் என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது என்று வானில் ஏறியபின்தான் யோசித்தேன். முதல்நாள் சொல்ல மறுத்ததைவிட இதற்கு ஆதாரம் அதிகமா என்ன?

ஆய்வில் இருக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லவேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். எங்கள் புள்ளிவிவரக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் பழக்கத்தை மாற்றினால் நாங்கள் அளப்பது எங்கள் ஆலோசனையைத்தான், நோயை அல்ல என்கிறார். சொல்வது நியாயம். கேன் தண்ணி விற்கிற லொறி ஏற்கெனவே பழக்கத்தை மாற்றிவிட்டதே என்றேன். அதையும் ஒரு கேள்வியாகப் படிவத்தில் சேர் என்றார். சேர்த்திருக்கிறேன், வயலில் ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் என்று. அடுத்த சிறுபோகத்துக்கு முன் படிவம் அச்சுக்குப் போகவேண்டும். கேள்விக்குக் கீழே ஆலோசனையாக ஒரு வரி போடுவதா வேண்டாமா என்று இன்னும் இழுபறி.