கால்மிதியும் கண்ணும்

2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கையில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகள் அடிபடாமல் தப்புவார்கள் என்று நினைத்தவன் நான். உப்புவெளிக் கடற்கரையில் கிரிக்கெட் இல்லை, கண்ணில் மண்ணும் இல்லை.

தளர்த்திய பிறகு அக்காவின் ஆறு வயது மகளுடன் ஒரு பலசரக்குக் கடைக்குப் போனேன். வாசலில், காலால் மிதித்தால் கிருமிநீக்கி பீய்ச்சும் இரும்புத் தாங்கி. எனக்கு இடுப்பளவு, அவளுக்கு நேரே முகத்தளவு. நான் பருப்பு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது மிதித்துவிட்டாள்.

“மாமா, கண் எரிகிறது!”

பக்கத்து மீன்கடையில் தலையைச் சரித்துப் பிடித்து, இமையைப் பிரித்து, கால் மணி நேரம் தண்ணீர் விட்டோம். பாரை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுக் குவளை குவளையாக ஊற்றினார். அவருக்கு நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

கண் மருத்துவர் செம்மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றொன்றை இமைக்குள் தொட்டு, நீல ஒளியில் பார்த்தார். கருவிழியின் மேற்படலம் உரிந்த இடம் மட்டும் பச்சையாக மின்னியது. உடனே கழுவியதால் தப்பியது என்றார். நான்கு நாளில் ஆறிவிட்டது.

பிறகுதான் தேடிப் படித்தேன். பிரான்சின் நச்சுக் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, பிள்ளைகளின் கண்ணில் கிருமிநீக்கி பட்டதாக வந்த முறைப்பாடுகள் 2019இல் 33, 2020இல் 232. அங்கேயும் தாங்கியின் உயரத்தைத்தான் குறை சொன்னார்கள். செய்தவர் ஒரு பிள்ளையை அருகில் நிறுத்திப் பார்த்திருக்கக் கூடாதா?

அந்தத் தாங்கி இப்போது இல்லை. அவளோ இன்னும் அந்த வாசலைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடக்கிறாள்.